இம்ப்ளான்ட் வச்சதுக்கு அப்புறம் வீட்ல எப்படி பாத்துக்கறது? பல் டாக்டர் பதில்கள்

கேள்வி: டாக்டர், எங்க அம்மாவுக்கு 61 வயசு, சுகர் இருக்கு. போன மாசம் கீழ்த்தாடையில இடது பக்கம் ரெண்டு இம்ப்ளான்ட் (பல் போன இடத்துல தாடை எலும்புக்குள்ள இறக்கற டைட்டானியம் ஸ்க்ரூ) வச்சாங்க. அன்னைக்கு நல்லாத்தான் இருந்தாங்க, மூணாம் நாள் கன்னம் பன்னு மாதிரி வீங்கிப் போச்சு. பயந்துகிட்டு சாப்பிடவே மாட்டேன்னுட்டாங்க, மாத்திரைய மட்டும் போட்டுட்டுப் படுத்தவங்களுக்கு சாயங்காலம் தலை சுத்தி மயக்கமே வந்துடுச்சு. பக்கத்து வீட்டு அக்கா சுடுதண்ணி ஒத்தடம் குடு, கிராம்பு எண்ணெய் தடவுன்னு சொன்னாங்க. அடுத்து வலது பக்கம் வைக்கணும். இந்தத் தடவை எப்படி பாத்துக்கறது?
வாசகி, விருதுநகர்

பதில்: அந்த மயக்கத்துல இருந்தே ஆரம்பிக்கிறேன்மா, வீக்கத்தை விட எனக்கு அதுதான் கவலையா இருக்கு. கிளிமிபிரைடு மாதிரி சில சுகர் மாத்திரை, அப்புறம் இன்சுலின், இதெல்லாம் சாப்பிடாம போட்டா சுகர் சட்டுன்னு இறங்கிடும், வேர்த்துக் கொட்டும், கை நடுங்கும், மயக்கம் வரும். அதனால இம்ப்ளான்டுக்கு முன்னாடியே சுகர் டாக்டர்கிட்ட போய் சாப்பாடு குறையற நாள்ல எந்த மாத்திரைய எவ்வளவு போடணும்னு எழுதி வாங்கிடுங்க, நீங்களா எதையும் நிறுத்தாதீங்க. வீட்ல குளுக்கோமீட்டர் வச்சிருங்க, 70க்குக் கீழ காட்டினா மூணு டீஸ்பூன் சர்க்கரைய தண்ணியில கரைச்சு உடனே குடுத்துட்டு 15 நிமிஷம் கழிச்சு திரும்பப் பாருங்க. முழு மயக்கத்துல இருந்தா வாயில எதையும் ஊத்தாதீங்க, நேரா ஆஸ்பத்திரிதான்.

சாப்பாடு ஒண்ணும் பெரிய வேலை இல்லம்மா. ஆறின ரசத்துல ஊறப்போட்ட இட்லி, மிக்ஸியில ஒரு சுத்து விட்ட பருப்பு சாதம், குழையப் பிசைஞ்ச தயிர் சாதம், நல்லா மசிச்ச அவிச்ச முட்டை, இதெல்லாம் மென்னாமலே இறங்கிடும். தாளிக்கும்போது மட்டும் கடுகு போடாதீங்க, அந்தச் சின்ன கடுகு போய் தையல் இடுக்குல மாட்டிக்கிட்டா எடுக்கவே முடியாது, நாக்கால துழாவித் துழாவியே புண்ணை கிளறிடுவாங்க. காபிய ஆவி பறக்கக் குடிக்காம நல்லா ஆத்தி வெதுவெதுன்னு குடுங்க. எதைக் குடிச்சாலும் ஸ்ட்ரா வேண்டாம், உறிஞ்சற வேகத்துல புண்ணு மேல உறைஞ்சிருக்கிற ரத்தம் கழண்டு வந்துடும். அதே காரணத்துக்காகத்தான் முதல் நாள் எச்சிலை துப்பாம முழுங்கச் சொல்றது, எச்சில் லேசா சிவப்பா வர்றது ஒரு நாளைக்கு இருக்கும், பயப்படாதீங்க.

வீக்கம் ரெண்டாம் நாள் மூணாம் நாள்தான் உச்சத்துக்குப் போகும், அது இயல்புதான், நாலாம் நாள்ல இருந்து வத்த ஆரம்பிக்கணும். முதல் ரெண்டு நாள் சுடு ஒத்தடம் குடுத்தா வீக்கமும் ரத்தக் கசிவும் கூடத்தான் செய்யும், அப்ப ஐஸைத் துணியில சுத்தி கன்னத்து வெளிப்பக்கம் 15 நிமிஷம் வச்சு எடுத்து, கொஞ்சம் விட்டு திரும்ப வைங்க. தாடை இறுகி வாய் திறக்க கஷ்டமா இருந்தா ரெண்டு நாள் கழிச்சு டாக்டரைக் கேட்டுட்டு வெதுவெதுப்பான துணி வைக்கலாம். கிராம்பு எண்ணெய் மட்டும் வேண்டவே வேண்டாம், திறந்த புண்ணுல பட்டா சதைய வெந்து போக வச்சிடும். மறுநாள்ல இருந்து ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணியில அரை டீஸ்பூன் உப்பு போட்டு, வேகமா கொப்பளிக்காம தலையை இப்படி அப்படி சாய்ச்சு தானா வழிய விடச் சொல்லுங்க. ராத்திரி ரெண்டு தலையணை வச்சுப் படுத்தா வீக்கம் குறையும். வெத்தலை, புகையிலை போடற பழக்கம் இருந்தா அதை தூரமா எடுத்து வச்சிடுங்க.

நாலாம் நாளுக்கு அப்புறமும் வீக்கம் ஏறிக்கிட்டே போனாலோ, காய்ச்சல், சீழ் வந்தாலோ, மரத்துப் போற ஊசியோட வேலை முடிஞ்சு மறுநாளும் கீழ் உதடு மரத்தே இருந்தாலோ அன்னைக்கே பல் டாக்டருக்கு போன் பண்ணுங்க. முழுங்கவோ மூச்சு விடவோ கஷ்டமா இருந்தா போன்லாம் வேண்டாம், எமர்ஜென்சிக்கே போயிடுங்க.

கேள்வி: எனக்கு இம்ப்ளான்ட் வச்சு 3 வாரம் ஆச்சு, துளி வலி இல்ல. அந்தப் பக்கம் முறுக்கு கடிச்சா என்ன? கேப் (இம்ப்ளான்ட் மேல மாட்டற செயற்கைப் பல்) போட 4 மாசம் ஆகும்னு ஏன் இழுத்தடிக்கிறாங்க? சிகரெட் எப்ப பிடிக்கலாம்?
வாசகர், தஞ்சாவூர்

பதில்: வலி போனது ஈறு ஆறினதுனால, எலும்பு இன்னும் ஆறல. ஸ்க்ரூ உள்ள போனப்ப அதை இறுக்கிப் பிடிச்ச பழைய எலும்பு கொஞ்சம் கரைஞ்சு புது எலும்பு வளர்ற நேரம் இது, சரியா இந்த மூணாவது நாலாவது வாரத்துலதான் பிடிப்பு ரொம்பக் குறைவா இருக்கும். ஸ்வீடன்ல பிரோனேமார்க்னு ஒருத்தர் 1950கள்ல முயல் எலும்புல டைட்டானியம் கருவிய வச்சு ஆராய்ச்சி பண்ணாரு, முடிஞ்சு எடுக்கப் பாத்தா எலும்பு அதோட ஒட்டிப்போய் வரவே இல்ல, அதை வச்சுத்தான் 1965ல முதல் நோயாளிக்கு வச்சாரு. அந்த ஒட்டு விழ கீழ்த்தாடையில பொதுவா 3 மாசம், மேல்தாடை எலும்பு மிருதுங்கறதால இன்னும் கூட ஆகும். சிலருக்கு உடனே கேப் போடறதும் உண்டு, ஆனா அது எலும்போட பிடிப்பைப் பாத்து டாக்டர் முடிவு பண்றது. முறுக்கு, சீடை, வறுத்த கடலை எதுவும் அந்தப் பக்கம் இப்ப வேண்டாம்.

சிகரெட் ரத்த ஓட்டத்தைக் குறைச்சு அந்த ஒட்டையே விழ விடாது, கேப் போடற வரைக்கும் தொடாதீங்க, அப்புறமும் விட்டுட்டா இம்ப்ளான்டுக்கு நல்லது. ஈறு மேல தெரியற சின்ன உலோக மூடி லூசானா நீங்களா திருகப் பாக்காதீங்க, கழண்டு விழுந்தா டப்பாவுல போட்டு எடுத்துட்டு ரெண்டு நாளைக்குள்ள டாக்டர்கிட்ட போயிடுங்க, தள்ளிப் போட்டா ஈறு மூடிக்கும், திரும்பக் கீற வேண்டியிருக்கும்.