மாடி கட்டுவதா, மனை வாங்குவதா? வீடு, மனை, வாடகை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பாலக்கோட்டில் ஆசிரியையாக இருக்கிறேன். கையில் 12 லட்சம் சேர்ந்திருக்கிறது. தருமபுரியில் சொந்த வீடு உண்டு, தரைத்தளம் மட்டும். சூளகிரி பக்கம் ஒரு மனையைக் காட்டி "ஏர்போர்ட் வருது டீச்சர், மூணே வருஷத்துல டபுள்" என்கிறார் புரோக்கர். மாடி கட்டி வாடகைக்கு விடலாம் என்கிறார் என் வீட்டுக்காரர். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: வீட்டுக்காரர் சொல்வதைக் கேளுங்கள் டீச்சர்.

சூளகிரிக்குப் பக்கத்தில் இருக்கிற ஓசூருக்கு விமான நிலையம் என்று 2024 ஜூனில் சட்டசபையில் அறிவித்தது உண்மைதான், 2,000 ஏக்கரில், வருஷத்துக்கு 3 கோடி பயணிகள் வந்து போகிற அளவுக்கு. ஆனால் புரோக்கரிடம் அந்த "மூணு வருஷத்தை" ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லிப் பாருங்கள், வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விடுவார். அப்புறம் இன்னொரு கணக்கு. முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 12 லட்சம் மனைக்கு 1,08,000 ரூபாய் பத்திர ஆபீசிலேயே போய்விடும். புரோக்கர் கமிஷன், எழுத்துக்கூலி எல்லாம் தனி. அதாவது 12 லட்சத்தை வைத்துக்கொண்டு 12 லட்ச ரூபாய் மனையை வாங்கவே முடியாது. வாங்கினாலும் அது மாதம் பத்து பைசா தராது, வருஷத்துக்கு ஒருமுறை நீங்கள்தான் பஸ் ஏறிப் போய் முள்ளை வெட்டிவிட்டு, எல்லைக்கல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வர வேண்டும்.

மாடிக்கு வருவோம். 550 சதுர அடி, சதுர அடிக்கு 2,200 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொண்டால் 12,10,000. வாடகை 7,000 வந்தால் வருஷத்துக்கு 84,000, ஒரு மாதம் காலியாகக் கிடந்ததாகக் கழித்தாலும் 77,000, போட்ட பணத்துக்கு 6 சதவீதத்துக்கு மேல். இதே பணத்தோடு கடனும் வாங்கி 30 லட்சத்துக்குக் கட்டின வீடு ஒன்றை வாங்கி 8,000 ரூபாய்க்கு விட்டால் 3.2 சதவீதம்தான் நிற்கும். 20 லட்சம் கடனுக்கு எட்டரை சதவீத வட்டியில் இருபது வருஷத்துக்கு மாதத் தவணை 17,350 பக்கம் வரும், வாடகையோ 8,000, மீதியை உங்கள் சம்பளத்தில் இருந்து எடுத்துக் கட்டிக்கொண்டிருப்பீர்கள். மாடியில் நிலத்துக்குக் காசு இல்லை பாருங்கள், வித்தியாசம் எல்லாம் அங்கேதான்.

கட்டுவதற்கு முன்னால் அஸ்திவாரம் மாடியைத் தாங்குமா என்று மேஸ்திரியிடம் கேட்காதீர்கள், அவர் தாங்கும் என்றுதான் சொல்வார். ஒரு இன்ஜினியருக்குக் காசு கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள், மொட்டை மாடியில் நீட்டிக்கொண்டிருக்கிற தூண் கம்பிகள் துருப்பிடித்து மெலிந்திருக்கிறதா என்பதையும் சேர்த்து. நகராட்சியில் பிளான் அப்ரூவல் வாங்குங்கள். படிக்கட்டு வெளியில் இருந்து ஏறட்டும், உங்கள் ஹால் வழியாக இன்னொரு குடும்பம் போய் வந்தால் மூன்றே மாதத்தில் முகம் கொடுத்துப் பேச மாட்டீர்கள். மீட்டர் கட்டாயம் தனி. நான் முதன்முதலில் வீடு விட்டபோது ஒரே மீட்டரில் இரண்டு குடும்பம், தெரிந்தவர்தானே என்று ஒப்பந்தமும் போடவில்லை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பில் வரும், சண்டையும் வரும், யார் வீட்டு ஃப்ரிட்ஜ் பழசு, யார் விடிய விடிய ஃபேன் போடுகிறார்கள் என்று. ஆறாவது மாதம் அட்வான்ஸ் முழுவதையும் திருப்பிக் கொடுத்து அனுப்பினேன், பாக்கி வாடகை வரவே இல்லை.

எல்லாவற்றையும் விடத் தண்ணீர். நம் மாவட்டத்து போர் தண்ணீரில் ஃப்ளோரைடு இருப்பது ஊரறிந்த விஷயம், அதற்காகத்தானே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. வீடு பார்க்க வருகிறவர்கள் சுவரின் பெயின்ட்டைப் பார்ப்பதில்லை, நேரே அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்து உள்ளங்கையில் பிடித்து வாயில் ஊற்றிப் பார்க்கிறார்கள், அப்புறம் "ஒகேனக்கல் தண்ணி எத்தனை நாளைக்கு ஒருக்கா விடறாங்க?" என்று கேட்கிறார்கள். அதற்குத் தொட்டியும் தனிக் குழாயும் இருந்தால் வாடகையில் பேரம் குறையும்.

என்றாவது மனை வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் 30 வருஷ வில்லங்கச் சான்று, தாய்ப் பத்திரம் (முந்தைய உரிமையாளர்களின் மூலப் பத்திரம்), பட்டா, புலப்படம் (நிலத்தின் அளவு வரைபடம்), டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அனுமதி எண் எல்லாவற்றையும் பாருங்கள். அனுமதி இல்லாத மனையை "வரன்முறை பண்ணிக்கலாம்", அதாவது பிறகு பணம் கட்டி அனுமதி வாங்கிக்கொள்ளலாம் என்று சொல்லி விற்பார்கள். அந்த வாய்ப்பு 2016 அக்டோபர் 20-க்கு முன்னால் போட்ட மனைப்பிரிவுகளுக்குத்தான், நேற்று கல் நட்டதற்கு இல்லை. 500 சதுர மீட்டருக்கு மேலோ எட்டு மனைக்கு மேலோ என்றால் ரேரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண்ணையும் கேளுங்கள். ஊர்ப் பெயரிலும் கவனம் வேண்டும். நம் பக்கம் தடுக்கி விழுந்தால் "அள்ளி" என்று முடிகிற ஓர் ஊர், ஒரே மாதிரிப் பெயர்கள். பத்திரத்தில் இருக்கிற கிராமமும் சர்வே எண்ணும்தான் உங்களுக்குக் காட்டிய இடமா என்று சர்வேயரை வைத்து அளந்து பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். அந்த அட்வான்ஸையும் பேங்க் வழியாகவே கொடுங்கள், இடத்துக்கு 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கைமாறினால் வருமான வரிச் சட்டப்படி தப்பு.

கேள்வி: கிருஷ்ணகிரியில் எங்கள் வீட்டில் குடியிருப்பவர் நான்கு மாதமாக வாடகை தரவில்லை. கரன்ட்டையும் தண்ணீரையும் நிறுத்தினால் தானாகக் காலி செய்வார் என்கிறார் பக்கத்து வீட்டு அண்ணன். செய்யலாமா?

பதில்: செய்யவே செய்யாதீர்கள் ஐயா. பாக்கி வைத்தது அவர், ஆனால் ஃபியூஸைப் பிடுங்கிய நிமிஷம் குற்றவாளி நீங்கள் ஆகிவிடுவீர்கள். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் (2017-ல் இயற்றியது) அத்தியாவசிய வசதிகளை நிறுத்தக் கூடாது என்று சொல்கிறது. அதே சட்டம் உங்களுக்கும் வழி வைத்திருக்கிறது. இரண்டு மாத வாடகை பாக்கி இருந்து, நோட்டீஸ் கொடுத்து ஒரு மாதத்துக்குள் வட்டியோடு கட்டவில்லை என்றால், வாடகை நீதிமன்றத்தில் காலி செய்யச் சொல்லி மனுப் போடலாம். வக்கீல் மூலம் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்புங்கள், பாதிப் பேர் அதைப் பார்த்ததுமே பேச வந்துவிடுவார்கள்.

எழுத்தில் ஒப்பந்தம் போட்டீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. முத்திரைத் தாளில் பதினொரு மாதத்துக்கு எழுதி பீரோவில் வைத்தால் போதும் என்று நம் ஆட்கள் நினைக்கிறார்கள். இந்தச் சட்டப்படி அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும், அதற்கு அரசின் இணையதளமே இருக்கிறது. அடுத்து வருகிறவருக்காவது முதல் நாளே செய்துவிடுங்கள்.

கேள்வி: மாத வாடகை வேண்டாம், 5 லட்சம் தருகிறேன், மூன்று வருஷத்துக்குப் போக்கியமாகக் கொடுங்கள் என்கிறார் ஒருவர். மகள் கல்யாணச் செலவுக்கு உதவும். வாங்கலாமா? (காவேரிப்பட்டணம் வாசகர்)

பதில்: மூன்றாம் வருஷம் முடிகிற அன்று 5 லட்சத்தை எங்கிருந்து எடுத்துக் கொடுப்பீர்கள்? இதற்குப் பதில் இருந்தால் வாங்குங்கள். வழக்கமாக நடப்பது, அடுத்த போக்கியக்காரர் ஒருவரைத் தேடிப் பிடித்து அவர் பணத்தை இவருக்குக் கொடுப்பது, ஆள் கிடைக்கவில்லை என்றால் கந்துவட்டி. அது உங்கள் பணம் இல்லை, கடன், கல்யாணத்தில் கரைக்காதீர்கள். அப்படியே வாங்கினாலும் ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்தாக வேண்டும்.

கேள்வி: ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கிற பையன்களுக்கு வீடு விடலாமா? குடும்பத்துக்குத்தான் விட வேண்டும் என்கிறார் மாமியார்.

பதில்: தாராளமாக விடலாம். சிப்காட்டை நம்பித்தானே ஓசூரில் பாதி வாடகை ஓடுகிறது. ஒப்பந்தத்தில் எத்தனை பேர் என்று எண்ணிக்கையை எழுதி, ஒவ்வொருவரிடமும் கையெழுத்தும் ஆதார் நகலும் கம்பெனி அடையாள அட்டை நகலும் வாங்கிக்கொள்ளுங்கள். நான்கு பேர் என்று வந்து ஷிஃப்டுக்கு நாலாக எட்டுப் பேர் தூங்குகிற வீடுகள் உண்டு, செப்டிக் டேங்க் சீக்கிரமே சொல்லிவிடும். போய்ப் பார்ப்பதாக இருந்தால் முதல் நாளே சொல்லிவிட்டுப் போங்கள், நைட் ஷிஃப்ட் முடிந்து வந்தவர்கள் பகலில்தான் தூங்குவார்கள். மாமியாருக்கு முதல் மாத வாடகையில் ஒரு புடவை எடுத்துக் கொடுங்கள்.