மருமகளுக்குப் பாலக்காடு. எங்கள் வீட்டில் விஷுக்கணி எப்படி வைப்பது? நம் சித்திரைக் கனியும் அதுவும் ஒன்றுதானா?

முதலில் தேதியைப் பார்த்துவிடுங்கள். கேரளத்து விஷுவுக்கும் நம் சித்திரை முதல் நாளுக்கும் அடிப்படை ஒரே சூரியக் கணக்குதான், ஆனாலும் எல்லா வருஷமும் ஒரே நாளில் வராது. சூரியன் மேஷத்துக்குள் நுழையும் நேரம் பொழுது சாய்வதற்குள் இருந்தால், தமிழ்ப் பஞ்சாங்கத்துக்கு அன்றைக்கே சித்திரை ஒன்று. விஷுவில் அப்படியில்லை. சூரியன் நுழைந்த பிறகு வரும் முதல் விடியலில்தான் கணி காண வேண்டும். காலை 9 மணிக்குச் சங்கிரமம், அதாவது அந்த நுழைவு, என்றால் அன்றைய விடியல் கையை விட்டுப் போய்விட்டது, கணி மறுநாள்தான். 2022, 2023 இரண்டு வருஷமும் நமக்கு ஏப்ரல் 14, அவர்களுக்கு 15 என்று வந்தது இதனால்தான். 2024, 2025இல் இரண்டும் 14. 2026இல் மறுபடி விஷு 15. பிரிந்து வரும் வருஷங்களில் உங்கள் வீட்டில் இரண்டு நாள் பண்டிகை.

அடுத்தது பெயர். மலையாளத்தில் அது 'கணி', மூன்று சுழி ண. பழம் என்று அர்த்தமில்லை, காலையில் முதலில் கண்ணில் படுவது என்று அர்த்தம். நம் பக்கம் தட்டு நிறையப் பழம் அடுக்கிக் கண்ணாடி வைத்தால் வேலை முடிந்தது. அங்கே, கண்ணைத் திறப்பவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார், அவர் கண்ணுக்கு நேரே என்ன இருக்கிறது என்பதுதான் எல்லாமே. பட்டியலைப் பார்த்துப் பதினைந்து சாமான் வாங்கிவந்து உருளியில் கொட்டிவைத்தால் காய்கறிக் கூடை மாதிரிதான் இருக்கும்.

பாத்திரம் வெண்கல உருளி. வாய் 12 அங்குலம் இருந்தால் ஒரு வீட்டுக்குத் தாராளம். முதல் நாளே புளி போட்டுத் தேய்த்துக் கழுவி, உலர்ந்த துணியால் ஈரம் போகத் துடையுங்கள். ஈரம் நின்றால் திட்டுத்திட்டாகக் கறுக்கும், அரிசியும் ஒட்டும். பாதி உருளிக்கு அரிசி, ஒன்றரை கிலோ போதும். அவர்கள் போடுவது உணக்கலரி, அதாவது நெல்லைப் புழுக்காமல் குத்தி, தவிடு முழுக்கப் போகாத சிவப்பு அரிசி. கிடைக்காவிட்டால் சாதாரணப் பச்சரிசி போடலாம், புழுங்கலரிசி வேண்டாம். மேலே ஒரு பிடி நெல் தூவுங்கள். மற்ற சாமான்களைச் சாயாமல் பிடித்து நிறுத்துவது இந்த அரிசிதான், அதனால் அளவைக் குறைக்காதீர்கள்.

பின்னாலிருந்து முன்னால் அடுக்கிக்கொண்டு வாருங்கள். உருளிக்குப் பின்னால் மணைமேல் கிருஷ்ணன், விக்கிரகமோ படமோ. உருளியின் பின்விளிம்பில் கோடிமுண்டு: புதுத்துணியை விசிறி மடிப்பாக மடித்து, அடியை அரிசிக்குள் செருகினால் விரிந்து நிற்கும். அதன்மேல் சாய்த்து வால்கண்ணாடி, அதாவது கைப்பிடி வைத்த கண்ணாடி. நடுவில் கணிவெள்ளரி. இரண்டு பக்கமும் உடைத்த தேங்காய் மூடிகள். இடைவெளியில் மாங்காய், வாழைப்பழம், எலுமிச்சை, காம்போடு கிடைத்தால் முந்திரிப்பழம். வெற்றிலையை நுனி முன்பக்கம் வரும்படி வைத்து அதன்மேல் பாக்கும் நாணயமும். குங்குமச்சிமிழ், கண்மை. பொன் ஒரு சிறு சங்கிலியாக இருந்தாலும் போதும். ராமாயணமோ வேறு கிரந்தமோ உருளிக்கு வெளியே பக்கத்தில் வையுங்கள், எண்ணெய் படக்கூடாது. முழுப் பலாவும் வெளியேதான். கிண்டியில், அதாவது மூக்குச் செம்பில், தண்ணீர். வீட்டுக்கு வீடு ஒன்றிரண்டு மாறும். சம்பந்தியம்மாவுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்தது.

கணிவெள்ளரி என்றால் நாம் பச்சையாகத் தின்னும் பிஞ்சு வெள்ளரி இல்லை. பொன்மஞ்சளாகப் பழுத்த, இனிப்பில்லாத கறி வெள்ளரி. நம் ஊர்க் கடைகளில் சாம்பார் வெள்ளரி, மலபார் வெள்ளரி என்ற பெயரில் கிடைக்கும். காம்பு ஒட்டியிருப்பதாக எடுங்கள், காம்புக்கு எதிர்முனையை விரலால் அமுக்கிப் பாருங்கள். அங்கே மெத்தென்றால் உள்ளே அழுகத் தொடங்கிவிட்டது.

வால்கண்ணாடியில்தான் அதிகம் பேர் கோட்டைவிடுகிறார்கள். பத்தனம்திட்டை மாவட்டத்து ஆறன்முளையில் செம்பும் வெள்ளீயமும் கலந்து வார்க்கும் உலோகக் கண்ணாடிதான் பேர்போனது. அதில் பிம்பம் மேற்பரப்பிலேயே விழும். விரல்நுனியை வைத்தால் விரலுக்கும் பிம்பத்துக்கும் நடுவே இடைவெளி தெரியாது (வைத்துப் பார்த்துவிடாதீர்கள், கறை படியும்). விலை அதிகம், வீட்டிலிருக்கும் சாதாரணக் கைக்கண்ணாடி போதும். சாய்வுதான் முக்கியம். வைப்பவர் நின்றபடி சரிபார்ப்பார், பார்ப்பவர் உட்கார்ந்து பார்ப்பார். நின்றவர் தன் முகம் தெரியும்படி சாய்த்துவிட்டால், கீழே உட்கார்ந்தவருக்குத் தெரிவது பின்சுவரோ தூரத்துக் கதவோ. உருளிக்கு முன்னால் இரண்டடி தள்ளிச் சம்மணமிட்டு உட்கார்ந்து, நெற்றியிலிருந்து மார்புவரை தெரிகிறதா என்று பாருங்கள். சின்னக் குழந்தை இருந்தால் அதற்கு மடியோ மணையோ போட்டுக் கண் உயரத்தைச் சரிக்கட்டுங்கள்.

விளக்கை உருளிக்குப் பின்னால் வைக்காதீர்கள். சுடர் கண்ணில் அடித்து, முன்னால் இருப்பதெல்லாம் நிழலாகிவிடும். முன்பக்கம் ஒரு ஓரமாக நிலவிளக்கு, நல்லெண்ணெய். அதன் வெளிச்சம் பார்ப்பவர் முகத்திலும் விழுந்தால்தான் கண்ணாடியில் முகம் தெரியும். தேங்காய் மூடியிலும் விளக்கேற்றுவது உண்டு: உள்ளே ஈரத்தை நன்றாகத் துடைத்து, எண்ணெய் விட்டு, துணியில் கொஞ்சம் அரிசி முடிந்த கிழியைத் திரியாக வைப்பார்கள். ஈரம் இருந்தால் படபடவென்று பொரிந்து எண்ணெய் தெறிக்கும். மூடியை அரிசியில் பாதிவரை புதைத்தால் கவிழாது. கோடிமுண்டின் மடிப்புக்கும் எந்தச் சுடருக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி விட்டே ஆகவேண்டும். கஞ்சி போட்ட துணி நொடியில் பற்றும்.

கொன்றைப்பூ இல்லாமல் விஷு இல்லை. வேண்டியது சரக்கொன்றை, கொத்து கீழ்நோக்கித் தொங்கும். சாலையோரத்தில் மேல்நோக்கி நிற்கும் மஞ்சள் பூ பெருங்கொன்றை, அது வேறு. மழை பெய்தால் சரக்கொன்றை ஒரே நாளில் உதிர்ந்துவிடும். வெட்டிய கொத்தும் நெடுநேரம் தாங்காது. முதல் நாள் மாலையில், பாதி மொட்டாக உள்ள கொத்துகளாகப் பார்த்து வெட்டி, காம்பைத் தண்ணீரில் நிறுத்தி வையுங்கள். உருளியில் வைப்பதைப் படுக்கப்போகும் முன் கடைசி வேலையாகச் செய்யுங்கள். இப்போது பிளாஸ்டிக் கொன்றையும் விற்கிறார்கள். வாடாது என்பதைத் தவிர அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

வீட்டின் மூத்த பெண்மணி எல்லோரும் படுத்த பிறகு இதையெல்லாம் வைத்துவிட்டுக் கடைசியாகப் படுப்பார், முதலில் எழுந்து விளக்கேற்றித் தான் கணி காண்பார். நாலு, நாலரை மணி சரியாக இருக்கும். பிறகு ஒவ்வொருவராக எழுப்பி, பின்னாலிருந்து கண்ணைப் பொத்திக் கூட்டிவந்து உட்காரவைத்துக் கையை எடுப்பார். அறையில் மின்விளக்கு எரியக்கூடாது. ராத்திரியே கைப்பேசியை வேறு அறையில் வைக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் முதல் கணி அதன் திரைதான். எழமுடியாத பெரியவர்களுக்கு உருளியைப் படுக்கைக்கே எடுத்துப்போய்க் காட்டலாம். பழைய தறவாடுகளில், அதாவது கூட்டுக்குடும்ப வீடுகளில், தொழுவத்து மாடுகளுக்கும் காட்டுவது வழக்கம்.

கணி முடிந்ததும் கைநீட்டம், அதாவது கையில் தரும் பணம். பெரியவர் கொடுப்பார், சிறியவர் இரண்டு கையையும் ஏந்தி வாங்கிக் காலைத் தொட்டுக் கும்பிடுவார். வெறும் நோட்டாக நீட்டாமல் ஒரு நாணயம், கொஞ்சம் அரிசி, ஒரு கொன்றைப்பூ சேர்த்துக் கொடுத்தால் முறை. மாமியாராகிய நீங்கள் மருமகளுக்குக் கொடுக்க வேண்டும், அவர் பதிலுக்கு எதுவும் தரவேண்டியதில்லை.

காலைச் சாப்பாட்டுக்குத் திருச்சூர்ப் பக்கத்து விஷுக்கட்ட எளிது. ஒரு கப் பச்சரிசிக்கு ஒரு பெரிய தேங்காய். கெட்டியான முதல் பால் ஒரு கப் தனியே, இரண்டாம் பால் மூன்று கப். அரிசியை இரண்டாம் பாலில் குழைய வேகவைத்து, உப்பும் அரைத் தேக்கரண்டி சீரகமும் போட்டு, கடைசியில் முதல் பாலை ஊற்றிச் சிறு தீயில் சுருளக் கிளறுங்கள். வாழையிலையில் ஒரு அங்குலக் கனத்துக்குப் பரப்பி, ஆறியபின் துண்டு போடுங்கள். வெல்லப்பாகு தொட்டுக்கொள்ளலாம். முதல் பாலை முன்கூட்டியே ஊற்றிக் கொதிக்கவிட்டால் திரியும். பாசுமதி போட்டால் ஒட்டாது, சோறாக உதிரும்.

பெயர் குறித்து ஒரு சின்ன விளக்கம்: விஷு மேட மாதத்தின் (நம் சித்திரை) பண்டிகை, ஆனால் மலையாளிகளின் கொல்லம் ஆண்டு பிறப்பது சிங்ஙத்தில் (நம் ஆவணி), ஆகஸ்ட் நடுவில். 1200ஆம் ஆண்டு பிறந்தது 2024 ஆகஸ்டில்தான். ஆகவே சம்பந்தி வீட்டுக்கு 'புத்தாண்டு வாழ்த்து' என்பதைவிட 'விஷு ஆசம்சகள்' என்று சொன்னால் பொருத்தம்.

மறுநாள் உருளியிலுள்ள அரிசியைச் சமைத்துவிடலாம், அதில் எண்ணெய் சிந்தாமல் இருந்தால். தேங்காயும் மாங்காயும் அன்றைக்கே செலவாகிவிடும். கணிவெள்ளரியை மட்டும் அவசரப்பட்டு நறுக்காதீர்கள். அடிபடாத காயாக இருந்தால், கயிற்றில் கட்டிக் காற்றாடும் இடத்தில் தொங்கவிட வாரக்கணக்கில் கெடாமல் கிடக்கும். பிறகு ஒருநாள் விதையை வழித்துவிட்டு, தேங்காய், சீரகம், பச்சைமிளகாய் அரைத்துப் புளித்த மோரில் கறி வைத்துக்கொள்ளலாம். மோர் ஊற்றியபின் கொதிக்க விடக்கூடாது, நுரை கட்டும்போதே இறக்கிவிடுங்கள்.