கைதட்டல்

அன்புள்ள ஐயா,

போன வாரம் முதல் முறையாகப் பறவை பார்க்கும் குழு ஒன்றோடு போனேன். ஆற்றங்கரையோரமாக நடந்து, சதுப்பைக் கடந்து, சரணாலயக் கோபுரம் வரை. மற்றவர்கள் ஐம்பது, அறுபது என்று பட்டியல் போட்டார்கள். நானோ ஒரு மடையானையே பார்த்து நின்று பின்தங்கிவிட்டேன். வெட்கமாக இருந்தது. சேற்றோடு சேறாக இருந்த பறவை, எழும்பியதும் முழு வெள்ளை! கடைசியில் வழிகாட்டி கையைத் தட்டினார். நூற்றுக்கணக்கான உள்ளான்கள் ஒரே வீச்சில் எழும்பித் திரும்பின. மெய்சிலிர்த்தது. பைனாகுலர் வாங்க வேண்டும். எட்டு மடங்கா, பத்து மடங்கா? பெயர்களை எப்படி மனப்பாடம் செய்வது?

ம.

அன்புள்ள ம.,

எட்டு மடங்கு வாங்குங்கள். பத்தில் கை நடுக்கமும் சேர்ந்து பெரிதாகும். பெயர்கள் தானாக வரும், விடுங்கள். பட்டியலையும் விடுங்கள்.

அந்தக் கைதட்டலை மட்டும் என்னால் விட முடியவில்லை. கொஞ்ச நாளாகவே மனதில் குமைந்துகொண்டிருக்கும் விஷயம் இது. உங்களுக்கு மெய்சிலிர்த்தது, சரி. அந்த உள்ளான்களுக்கு அது உயிர்ப்பயம். சேற்றுப் பூனைப்பருந்து தாழப் பறந்து வரும்போதும் அவை இப்படித்தான் எழும்பும்.

அவை அங்கே அழகுக்காக நிற்கவில்லை, சாப்பிட வந்திருக்கின்றன. கழிமுகத்தில் கடல் ஓதம் வற்றிச் சேறு வெளியே தெரிவது சில மணி நேரம்தான். அதற்குள் வயிற்றை நிரப்பியாக வேண்டும். அதே சேற்றில் மேயும் கருவால் மூக்கன் என்ற பறவை சாப்பிடுவதைக் கவனித்திருக்கிறீர்களா? நீண்ட அலகைக் கண் வரைக்கும் சேற்றுக்குள் இறக்கும். உள்ளே அலகு முழுவதையும் திறக்க இடமில்லை. அதனால் நுனியை மட்டும் திறந்து புழுவைக் கவ்வும். அதன் உறவான பட்டைவால் மூக்கன், நெடும்பயணம் கிளம்புமுன் உடம்பில் ஏறக்குறைய பாதியைக் கொழுப்பாக்கிக்கொள்ளும். குடல்கூடச் சுருங்கிவிடும். 2022இல் செயற்கைக்கோள் கருவி பொருத்திய ஓர் இளம்பறவை, பிறந்து ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது, அலாஸ்காவிலிருந்து தாஸ்மேனியாவுக்கு 11 நாளில் 13,560 கிலோமீட்டர் பறந்தது. வழியில் எங்கும் இறங்கவில்லை. அத்தனை தூரத்துக்கும் எரிபொருள் சேற்றில் கொத்தித் தின்றதுதான். அந்த நேரத்தில் கையைத் தட்டினால், சேர்த்ததில் ஒரு பங்கு அங்கேயே செலவாகிறது.

எனக்குத் தெரிந்த புகைப்படக்காரர் ஒருவர் இருந்தார். பிரியமான மனிதர். கூட்டமாகப் பறக்கும் படம் வேண்டும் என்று கல் எறிவார். பறவைகள் சுற்றி வந்து இறங்கும், இவர் மறுபடி எறிவார். ஒருநாள் காலை நானும் பக்கத்தில் இருந்தேன். வேண்டாம் என்றேன். சிரித்தார். கடைசியில் அவை இந்தக் கரையே வேண்டாமென்று அக்கரைக்குப் போய்விட்டன. அங்கே சேறு இல்லை, வெறும் கல். அவருடைய படத்துக்கு ஊரெல்லாம் பாராட்டு. எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் நெஞ்சு பதறும்.

பறவை எழும்புவதற்கு முன்பே நம்மிடம் சொல்லிவிடுகிறது. கொத்துவதை நிறுத்தும். தலை நிமிரும். பக்கவாட்டில் திரும்பி ஒற்றைக் கண்ணால் உங்களைப் பார்க்கும். அப்புறம் விறுவிறுவென்று நடந்து விலகும். தலை நிமிர்ந்ததுமே நின்றுவிடுங்கள். அது மறுபடி கொத்தத் தொடங்கும் வரை ஓரடியும் எடுத்து வைக்காதீர்கள். தொடங்கவே இல்லையென்றால் பின்னால் நகருங்கள். ஆள்காட்டிக் குருவி கத்திவிட்டதா, தாமதமாகிவிட்டது. சதுப்பு முழுக்கத் தகவல் போயாயிற்று.

மடையானிடம் நின்றதற்கு எதற்கு வெட்கம்? அந்த நடையில் உருப்படியான காரியம் அது ஒன்றுதான். ஆனால் ஒன்று கேட்கிறேன்: அது ஏன் எழும்பியது? தானாகவா, நீங்கள் ஓரடி முன்னால் வைத்தீர்களா? அதை எழுதாமல் விட்டுவிட்டீர்கள்.

குழுவை விட்டுவிடாதீர்கள், அவர்களோடே போங்கள். வழிகாட்டி கையைத் தூக்கும்போது வேண்டாம் என்று சத்தம் போடாமல் சொல்லுங்கள். முகம் சுளிப்பார், சுளிக்கட்டும். என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.