மேற்கோள் எண்ணிக்கையும் ஸ்கின்னரின் செல்வாக்கும்

வணக்கம் தங்கை. மலாயாப் பல்கலைக்கழக முதுகலை ஆய்வேட்டில் அமெரிக்க உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னரின் செல்வாக்கை மேற்கோள் எண்ணிக்கையை (பிற ஆய்வாளர்கள் அவருடைய நூல்களைச் சுட்டிய எண்ணிக்கையை) மட்டும் வைத்து அளக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். அது போதாது என்பதே என் கருத்து. 1957இல் வெளிவந்த, பேச்சை ஒரு நடத்தையாக விளக்கும் அவருடைய 'வெர்பல் பிஹேவியர்' நூலை மொழியியலாளர் நோம் சோம்ஸ்கி 1959இல் தம் மதிப்புரையில் கடுமையாக மறுத்தார். அதன்பின் அந்நூலைச் சுட்டியவர்களில் ஏற்றவர்களும் மறுத்தவர்களும் கலந்தே இருப்பதால், எண்ணிக்கை அவர்களைப் பிரித்துக் காட்டாது. ஆகவே, ஒவ்வொரு மேற்கோளும் எதற்காகக் காட்டப்பட்டது என்பதைச் சிறு மாதிரியிலாவது படித்து வகைப்படுத்துங்கள்.

நடைமுறைத் தாக்கத்தையும் சேருங்கள். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் நான் உதவிய சிறப்புக்கல்வி வகுப்பில், சிறுவன் 'தண்ணி' என்று கேட்ட மறுகணமே ஆசிரியை குவளையை அவன் கையில் கொடுப்பார். இத்தகைய கேட்டுப்பெறும் சொல்லுக்குத்தான் ஸ்கின்னர் அந்நூலில் 'மாண்ட்' என்று பெயரிட்டார்.