விதானத்தில் ஓவியம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வத்திக்கானின் சிஸ்டைன் சிற்றாலய விதானத்தை இத்தாலிய ஓவியர் மைக்கேலாஞ்சலோ மல்லாந்து படுத்தபடியே தீட்டினார் என்கிறார்களே?
(வாசகி, மயிலாடுதுறை)

பதில்: இல்லை, நின்றுகொண்டுதான். கழுத்தை அண்ணாந்து, கையை மேலே நீட்டி நிற்கும் தன் உருவத்தை ஒரு கவிதையின் ஓரத்தில் அவரே வரைந்து வைத்திருக்கிறார். விதானம் சுமார் 20 மீட்டர் உயரம். கீழே வழிபாடு நடக்க வேண்டும் என்பதால் சாரம் தரையிலிருந்து எழவில்லை. சுவரின் மேற்பகுதியில் துளையிட்டு மரம் செருகி மேடை கட்டினார்கள். 1508-ல் தொடங்கி, 1511-ல் பாதி முடிந்ததும் சாரத்தை மறுபாதிக்கு மாற்றினார்கள். 1512-ல் வேலை முடிந்தது.

முதற்பாதியில் வரும் பைபிள் பிரளயக் காட்சியில் ஆட்கள் கூட்டம் கூட்டமாக, சின்னச் சின்னதாக இருப்பார்கள். கீழிருந்து முகம் பிடிபடாது. பிற்பாதியில் ஆட்கள் குறைவு, உருவம் பெரிது. விதானத்தில் வரையப்போகிறவர்கள் இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தாலே அளவு பிடிபட்டுவிடும்.

கேள்வி: அந்த ஓவியம் ஆரம்பத்திலேயே பூத்துப்போனதாமே, ஏன்?
(வாசகர், திருநெல்வேலி)

பதில்: ஈரமான சுண்ணாம்புக் காரையின் மேல் வரைந்த ஓவியம் அது. அந்தக் காரையில் தண்ணீர் கூடிவிட்டது. ரோமில் சுண்ணாம்போடு எரிமலை மண்ணைச் சேர்ப்பார்கள். அந்தக் கலவை மெதுவாகத்தான் காயும். தளதளவென்று பூசினால் காயும்போது வெள்ளையாகப் பூத்துவிடும். கட்டடக் கலைஞர் ஜூலியானோ த சங்கால்லோ வந்து காரணத்தைச் சொன்ன பிறகே வேலை தொடர்ந்தது.

கேள்வி: வீட்டுப் பூஜை அறையின் மேல்தளத்தில் ஈரக்காரையில் வரைய முடியுமா?
(வாசகர், காரைக்குடி)

பதில்: முடியும். மேலே மொட்டை மாடி என்றால் முதலில் ஒழுக்கை அடையுங்கள். பெயின்டை முழுக்கச் சுரண்டி, தளத்தைக் கொத்திவிடுங்கள்; வழவழப்பான தளத்தில் காரை நிற்காது, தலையில் விழும். சிமென்ட் கலக்கவே கூடாது, உப்புப் பூக்கும்.

நீற்றிப் பல மாதம் நீருக்கடியில் கிடந்த சுண்ணாம்பு 1 பங்கு, கழுவிய மணல் 2 முதல் 3 பங்கு: இது அடிப்பூச்சு, ஒரு சென்டிமீட்டர் கனம், மேல் சொரசொரப்பாக. நன்றாகக் காய்ந்த பின் நனைத்து, அதே சுண்ணாம்போடு சலித்த நைஸ் மணல் கலந்து 3 முதல் 5 மில்லிமீட்டர் மேல்பூச்சு. அன்றைக்கு வரையும் அளவுக்கு மட்டும் பூசுங்கள். படத்தின் கோடு நெடுக ஊசித்துளை போட்ட தாளை ஒட்டி, கரித்தூள் கட்டிய துணி முடிச்சால் தட்டினால் கோடு இறங்கும்.

விரலை வையுங்கள். காரை விரலில் ஒட்டாமல், தொட்டால் மட்டும் குளிர்ச்சி தெரிந்தால் அதுதான் பதம். அதிலிருந்து ஆறேழு மணி நேரம் கையில் இருக்கிறது. அதற்குள் வைத்த நிறத்தை, சுண்ணாம்பு கரியமில வாயுவை இழுத்துக் கல்லாகும்போது தன்னோடு சேர்த்துப் பூட்டிக்கொள்ளும், பசையே வேண்டாம். தாமதித்தால் நிறம் பொடியாக உதிரும். மிஞ்சிய காரையை உருவத்தின் வெளிக்கோட்டை ஒட்டிச் சரிவாக வெட்டி எடுங்கள். மறுநாள் ஒட்டு தெரியாது.

காவி, மஞ்சள் மண், பச்சை மண், கரி, சுண்ணாம்பு வெள்ளை போதும். ஈய வெள்ளை கறுத்துவிடும். காய்ந்தால் நிறம் வெளுக்கும், அதனால் காய்ந்த செங்கல் துண்டில் தடவிப் பாருங்கள். தூரிகையைப் பிழிந்து பிடியுங்கள், பிடியில் துணி சுற்றுங்கள். இல்லையென்றால் முழங்கை வரை வழியும். பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் மேலே ஏறவே வேண்டாம், ஈரச் சுண்ணாம்பு கண்ணைப் பறித்துவிடும்.