மூலாதாரம் அடைத்துக்கொண்டது என்கிறார்களே, என்ன செய்வது?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். வயது 46. பால்மரத் (ரப்பர்) தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்தவர். தோட்டம் கைமாறி லயத்தைக் காலி செய்த பிறகு தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டில் வாடகைக்கு இருக்கிறார். பேக்டரியில் இரவு ஷிப்ட். அவர் கேட்டிருப்பதைச் சுருக்கித் தருகிறேன்:

"ஒரு வருஷமாக இடுப்பு வலி. பாதம் சில்லிட்டு மரத்துப்போகிறது. பகலில் படுத்தால் தூக்கம் வருவதில்லை. காரணமே இல்லாமல் நெஞ்சு படபடக்கிறது, எப்போதும் காசைப் பற்றிய பயம். எனர்ஜி ஹீலிங் செய்கிற ஓர் இடத்துக்குத் தோழி அழைத்துப் போனாள். கையை உடம்புக்கு மேலே வைத்துப் பார்த்துவிட்டு மூலாதாரம் அடைத்துக்கொண்டது என்றார்கள். ஒன்பது தடவை வர வேண்டும், ஒரு சிவப்புக் கல் மாலை போட வேண்டும், எல்லாம் சேர்த்து 2,400 வெள்ளி (ரிங்கிட்) என்றார்கள். 300 வெள்ளி முன்பணம் கட்டிவிட்டேன். மீதியைக் கட்டலாமா? வீட்டிலேயே செய்யக்கூடியது ஏதாவது இருக்கிறதா?"

சகோதரி, மீதியைக் கட்ட வேண்டாம். வீட்டில் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. ஆனால் அதற்கு முன்னால் உங்கள் பாதத்தைப் பற்றிப் பேச வேண்டும்.

பாதம் மரத்துப்போவது சர்க்கரை நோயின் அடையாளமாக இருக்கலாம். இடுப்பில் நரம்பு அழுந்துவதாலும் இருக்கலாம், உடம்பில் பி12 சத்து குறைந்தாலும் இருக்கலாம். படபடப்புக்கும் தூக்கமின்மைக்கும் தைராய்டும் ரத்தச் சோகையும் காரணமாக இருப்பதுண்டு. இவற்றில் பெரும்பாலானதை ரத்தப் பரிசோதனையே காட்டிவிடும். அரசாங்கக் கிளினிக்கில் வெளிநோயாளியாகப் பதிய 1 வெள்ளிதான். முதலில் அங்கே போய் இடுப்பு வலியையும் பாதம் மரத்துப்போவதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இரண்டையும் தனித்தனியாகச் சொன்னால் டாக்டர் இரண்டு வேறு நோயாக நினைக்க வாய்ப்பு உண்டு.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறேன். மூலாதாரம் என்கிற அடிச் சக்கரம் இருப்பதாகச் சொல்லும் அந்த இடமே, அதாவது சைக்கிளில் உட்காரும்போது சீட்டில் படுகிற பகுதி, மரத்துப்போனாலோ, சிறுநீர் வராமல் நின்றுவிட்டாலோ, தன்னை அறியாமல் கசிந்தாலோ, இரண்டு காலும் திடீரென்று பலமிழந்தாலோ, அன்றே பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். முதுகுத்தண்டின் அடிப்பகுதியில் உள்ள நரம்புக் கொத்து நசுங்கும்போது இப்படி ஆகும். அங்கே நேரத்தை இழந்தால் திரும்பக் கிடைக்காது. சக்கரம் சொல்லிக்கொடுக்கிற ஒவ்வொருவரும் தன்னிடம் வருபவரிடம் இதைச் சொல்லியாக வேண்டும் என்று நான் நினைக்கிறேன். சொல்லுவோர் குறைவு.

சரி, மூலாதாரம் என்றால் என்ன?

மூலம் என்றால் வேர், ஆதாரம் என்றால் தாங்குவது. நம் ஊர்ப் பெண்களுக்கு இது புதிய சொல் இல்லை. சங்கடஹர சதுர்த்தி அன்று கோயிலில் விநாயகர் அகவல் பாடுகிறோமே, "மூலாதாரத்தின் மூண்டெழு கனலைக் காலால் எழுப்பும் கருத்தறிவித்தே" என்று ஔவையார் பாடியது அதில்தான் வருகிறது. அந்தக் 'கால்' நடக்கிற கால் அல்ல, மூச்சுக்காற்று. இடம் எது என்பதைத் திருமூலர் ஒளிக்காமல் சொல்கிறார்: "எருவிடும் வாசற்கு இருவிரல் மேலே, கருவிடும் வாசற்கு இருவிரல் கீழே." இதைவிடத் தெளிவாக நான் சொல்லிவிட முடியாது.

வடமொழி மரபில் பூர்ணானந்தர் 1577-ல் எழுதிய ஷட்சக்ர நிரூபணம் என்ற நூல் இதை நான்கு இதழ்த் தாமரையாக வரைகிறது. நடுவில் மஞ்சள் சதுரம், அது பூமி. அதன் விதை எழுத்து 'லம்'. அந்த மண்டலத்தைத் தாங்க ஒரு யானை. கல்கத்தா உயர்நீதிமன்ற நீதிபதியாக இருந்த ஜான் உட்ராஃப் இந்த நூலை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1919-ல் வெளியிட்ட பிறகுதான் மேற்கத்திய நாடுகளில் சக்கரப் பேச்சு பரவலானது. வானவில்லின் ஏழு நிறத்தை ஏழு சக்கரத்துக்கும் வரிசையாகப் பிரித்துக் கொடுத்தது அதற்கும் பிறகு, 20-ஆம் நூற்றாண்டில். உங்களிடம் சொன்ன சிவப்புக் கல் அந்த வரிசையிலிருந்து வந்தது. பழைய நூலில் இதழ்தான் சிவப்பு, பூமி மஞ்சள். கல் மாலை எதுவும் அதில் இல்லை. கையை மேலே வைத்துச் செய்யும் ரெய்கியும் ஜப்பானில் மிக்காவோ உசுயி 1922-ல் தொடங்கியது. அவருடைய முறையில் நம் சக்கரங்கள் இல்லை, வெளிநாடுகளுக்குப் போன பிறகுதான் சேர்ந்துகொண்டன.

இதையெல்லாம் யாரையும் குறைசொல்ல எழுதவில்லை. கைவைத்துச் செய்யும் முறையில் சிலருக்கு மனம் இளகுகிறது, அழுகை வருகிறது, அன்று நன்றாகத் தூங்குகிறார்கள். அது உண்மையான பலன்தான். ஒருவர் ஒரு மணி நேரம் நம்மை மட்டும் கவனித்து உட்கார்ந்திருப்பதே பலருக்கு வாழ்க்கையில் கிடைக்காத ஒன்று. ஆனால் சக்கரம் உடம்பை அறுத்துப் பார்த்தால் தெரிகிற உறுப்பு அல்ல. அது தியானத்தில் மனத்தை நிறுத்துவதற்கு முன்னோர் குறித்துவைத்த இடம். அது 'அடைத்துக்கொண்டது' என்று குழாயைப் பார்த்ததுபோல ஒருவர் சொல்வதையும், ஒன்பது தடவையில் திறந்துவிடும் என்று கணக்குச் சொல்வதையும் என்னால் ஏற்க முடியவில்லை. மூலாதாரம் உங்களிடம் கேட்பது ஒரே கேள்வி: எதன் மேல் நிற்கிறாய்?

இந்தக் கேள்வி நம் ஊருக்குப் புதிதல்ல. வெள்ளைக்காரத் துரைமார்கள் தோட்டங்களை விற்கத் தொடங்கி, தோட்டத் துண்டாடல், அதாவது பெரிய தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்பது, வந்தபோது நம் பாட்டன் பாட்டிமார்கள் பட்ட பயமும் இதுதான். வேலையும் வீடும் ஒரே மண்ணில் இருந்ததால் ஒன்று போனால் இரண்டும் போனது. அமைச்சராக இருந்த சம்பந்தன் 1960-ல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளிகளின் பங்குப் பணத்திலேயே தோட்டம் வாங்க வழி செய்தது இந்த பயத்துக்கான பதில்தான். நீங்கள் லயத்தைக் காலி செய்த அன்றைக்கே உங்கள் உடம்பு அதே பயத்தைக் கற்றுக்கொண்டிருக்கும். 'காரணமே இல்லாமல்' என்று எழுதியிருக்கிறீர்கள். காரணம் இருக்கிறது சகோதரி.

என் அம்மாவும் பால் வெட்டியவர். பெரட்டுக்கு, அதாவது காலையில் ஆள் கணக்கெடுக்கிற இடத்துக்கு, போகிறதற்கு முன்னால், இருட்டோடு, லயத்து வாசல்படியில் உட்கார்ந்து இரண்டு பாதத்தையும் சிமெண்டுத் தரையில் பதித்துக் கோப்பி குடித்து முடிப்பார். அந்த ஐந்து நிமிஷம் யாரும் பேசக்கூடாது. யோகா படித்து, பல வருஷம் சொல்லிக்கொடுத்த பிறகுதான் அது என்னவென்று எனக்குப் புரிந்தது. உங்களுக்கும் அங்கிருந்தே தொடங்கச் சொல்கிறேன்.

ஷிப்ட் முடிந்து வந்து குளித்த பிறகு, முதுகு நேராக இருக்கும்படி ஒரு நாற்காலியில் உட்காருங்கள். பாதம் இரண்டும் முழுதாகத் தரையில். குதிகால், பெருவிரல் அடி, சுண்டுவிரல் அடி, இந்த மூன்றும் தரையில் படுகிறதா என்று மட்டும் பாருங்கள். மூச்சை மூக்கால் நான்கு எண்ணும் வரை இழுத்து, ஆறு எண்ணும் வரை விடுங்கள். விடுகிற மூச்சு நீளமானால் இதயத் துடிப்பு மெதுவாகும், படபடப்புக்கு அதுவே முதல் மருந்து. எண்ணுவது சலிப்பாக இருந்தால் 'லம்' என்று மெல்ல இழுத்து உச்சரியுங்கள். 'ம்' முடிகிற வரை மூச்சு தானாக நீண்டு போகும். ஐந்து நிமிஷம் போதும். மூச்சை அடக்கி நிறுத்துவது, வேகவேகமாக ஊதுவது, குண்டலினியை எழுப்புகிறேன் என்று வீடியோ பார்த்துச் செய்வது, இது எதுவும் இப்போது வேண்டாம். தூக்கமில்லாத, பயந்திருக்கிற உடம்பில் அவை படபடப்பைக் கூட்டத்தான் செய்யும்.

ஒரு வாரம் கழித்து மூலபந்தத்தைச் சேர்க்கலாம். மூச்சை விடும்போது, சிறுநீரை அடக்குவதுபோல அந்த இடத்தை மெல்ல உள்ளிழுங்கள். மூன்று எண்ணிக்கை வைத்திருங்கள். பிறகு விடுங்கள், விடுவதற்கு ஆறு எண்ணிக்கை எடுத்துக்கொள்ளுங்கள். இறுக்குவதைவிட விடுவதுதான் உங்களுக்கு முக்கியம். பயத்தில் வாழ்கிறவர்கள் தாடையை இறுக்குவதுபோல இடுப்புக்கு அடியில் உள்ள தசைகளையும் தெரியாமலே நாளெல்லாம் இறுக்கிவைத்திருப்பார்கள், இடுப்பு வலிக்கு அதுவும் ஒரு காரணமாவது உண்டு. பத்துத் தடவைக்கு மேல் வேண்டாம். வலி கூடினால் நிறுத்திவிட்டு, விடுகிற பகுதியை மட்டும் செய்யுங்கள். கர்ப்பமாக இருப்பவர்களும் அண்மையில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களும் டாக்டரைக் கேட்காமல் தொடங்கக்கூடாது. சிறுநீர் போகும்போது நடுவில் நிறுத்திப் பழகச் சொல்லுவார்கள், அதையும் வழக்கமாக்க வேண்டாம்.

அப்புறம், பிள்ளையார். மூலாதாரத்துக்கு உரிய தெய்வம் அவர். அவர் முன்னால் நாம் போடுகிற தோப்புக்கரணத்தைவிட நேரான மூலாதாரப் பயிற்சி எனக்குத் தெரியாது. உடம்பின் எடை முழுவதும் பாதத்தில் இறங்குகிறது, இடுப்பு திறக்கிறது, மூச்சு தானாக ஒழுங்காகிறது. டாக்டர் இடுப்பைப் பார்த்துச் சம்மதித்த பிறகு, நாளுக்கு மூன்று போடுங்கள். முட்டி ஒத்துழைக்காவிட்டால் நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தாலும் பலன் உண்டு. இதற்கு யாரும் காசு கேட்கப்போவதில்லை.

வெறுங்காலோடு மண்ணில் நடக்கச் சொல்வார்கள். நல்லதுதான், ஆனால் நம் ஊரில் யோசித்துச் செய்ய வேண்டும். செம்பனைக் காட்டோரம் பாம்பு உண்டு. மழை தேங்கிய மண்ணில் எலிச் சிறுநீரால் பரவும் காய்ச்சல் உண்டு. உங்களுக்கோ பாதம் மரத்துப்போகிறது, முள் குத்தினால்கூடத் தெரியாமல் போகலாம். சர்க்கரை இல்லை என்று உறுதியாகும் வரை வெறுங்கால் நடை வீட்டுக்குள் மட்டும் இருக்கட்டும். மண்ணோடு உறவு வேண்டுமென்றால் கையால் தொடுங்கள், உறை போட்டுக்கொண்டு. வாசலில் இரண்டு தொட்டியில் கறிவேப்பிலையும் துளசியும் வையுங்கள். பூமிக்கு உரிய புலன் மணம் என்று நம் சாத்திரம் சொல்கிறது. ஈர மண்ணின் வாசம், தண்ணீரில் ஊறிய வெட்டிவேர், வெள்ளிக்கிழமைச் சாம்பிராணி, இவை மனத்தை இறக்குவதை நீங்களே உணர்வீர்கள்.

சாப்பாட்டில் பீட்ரூட், தக்காளி என்று சிவப்பாகத் தேட வேண்டியதில்லை. நேரத்துக்குச் சூடாகச் சாப்பிடுங்கள், ஷிப்டுக்குப் போகும் முன் ஒரு வேளையாவது. இரவு வேலைக்காரர்கள் தவறவிடுவது அதைத்தான். வேலை முடிய ஆறு மணி நேரம் இருக்கும்போதே கோப்பியை நிறுத்துங்கள். படுக்கும் அறை ஜன்னலுக்குக் கெட்டியான துணி, தினமும் ஒரே நேரத்தில் படுக்கை, லீவு நாளிலும் அதிகம் மாற்றாதீர்கள்.

கடைசியாக, காசு பயம். எவ்வளவு மூச்சுப் பயிற்சி செய்தாலும் வாடகை நாள் வரும். ஒரு நோட்டில் மாத வாடகை, கடன், வரவு மூன்றையும் எழுதுங்கள். மனத்தில் சுற்றுகிற தொகை எப்போதும் தாளில் இருப்பதைவிடப் பெரியதாகத் தெரியும். ஊழியர் சேமநிதிக் கணக்கைத் திறந்து, முதலாளி மாதாமாதம் கட்டுகிறாரா என்று பாருங்கள். இடுப்பு வலி வேலையால் வந்தது என்று டாக்டர் சொன்னால், தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு அமைப்பான சொக்சோவில் கேளுங்கள், வேலையால் வரும் நோய்க்கும் அதில் பாதுகாப்பு உண்டு. கடன் நெருக்கினால் ஏகேபிகே என்ற அமைப்பு இலவசமாக ஆலோசனை தருகிறது, பேங்க் நெகாரா 2006-ல் தொடங்கியது. இதையும் மூலாதார வேலையாகவே நான் நினைக்கிறேன்.

கட்டிய 300 வெள்ளியைத் திரும்பக் கேளுங்கள். எதற்குக் கட்டினீர்கள், எந்தத் தேதி, ரசீது எது என்று எழுதிக் கேளுங்கள். தோழியைக் கோபித்துக்கொள்ள வேண்டாம், அவர் நல்லது நினைத்துத்தான் அழைத்துப் போயிருக்கிறார். முடிந்தால் கிளினிக்குக்கு அவரையே துணைக்குக் கூப்பிடுங்கள். ரத்தம் எடுக்க வெறும் வயிற்றோடு போக வேண்டியிருக்கும். இரவு ஷிப்ட் முடிந்த காலையில் தனியாகப் போனால் மயக்கம் வரும்.