சேலைப் படம் சீக்கிரம் திறக்க என்ன வழி?

கேள்வி: கைத்தறிச் சேலை விற்க நானே ஒரு வலைத்தளம் செய்திருக்கிறேன். ஒரே பக்கத்தில் 60 படங்கள். மொபைலில் திறக்க வெகுநேரம் ஆகிறது. சில படங்கள் என் கணினியில் தெரிகின்றன, தளத்தில் ஏற்றியதும் காணவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: இவை இரண்டும் வேறு வேறு சிக்கல்கள். முதலில் வேகத்தைப் பார்ப்போம்.

போனில் நிமிர்த்தி எடுத்த 12 மெகாபிக்சல் படம் 3000 பிக்சல் அகலம், 4000 உயரம் இருக்கும். கோப்பு ஒன்றுக்கு 4 எம்பி என்றால் 60 படத்துக்கு 240 எம்பி. வாடிக்கையாளரின் போனில் அந்தப் படம் இரண்டு விரல் அகலத்தில்தான் தெரிகிறது. பலர் நேராக கம்ப்ரஸ் செய்ய, அதாவது கோப்பைச் சுருக்க, போய்விடுகிறார்கள். அதற்கு முன்னால் படத்தின் பிக்சல் அளவைக் குறையுங்கள். பட்டியலில் காட்ட 600 பிக்சல் அகலம் போதும். பிக்சல் எண்ணிக்கை 25-ல் ஒரு பங்காகிவிடும். தொட்டால் பெரிதாகத் திறக்கும் படத்துக்கு 1600 வையுங்கள்.

அப்புறம்தான் ஃபார்மட், அதாவது கோப்பு வகை. பட்டியல் படங்களுக்கு வெப்பி (WebP) என்ற வகை நல்லது, இன்றைய பிரவுசர்கள் எல்லாமே அதைத் திறக்கும். தரம் 75-லிருந்து 80 வரை வைத்துப் பாருங்கள். ஸ்குவூஷ் (Squoosh) என்ற இலவசக் கருவியில் பழைய படத்தையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம்.

சேலைக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. அளவு குறைவதற்காக வெப்பி நிற விவரத்தைப் பாதி நுணுக்கத்தில்தான் சேமிக்கும். முகத்திலோ வானத்திலோ அது தெரியாது. அரக்குச் சிவப்பில் ஓடும் மெல்லிய ஜரிகைக் கோட்டில் தெரியும், ஓரம் கலங்கிவிடும். வாங்குபவர் பார்ப்பதே அந்தக் கோட்டைத்தான். அதனால் பெரிய படத்தை ஜேபெக்காகவே (JPEG) வைத்து, நிற விவரத்தை இப்படிக் குறைக்கும் 'குரோமா சப்சாம்ப்ளிங்' என்பதை நிறுத்திவிடுங்கள். கோப்பு கொஞ்சம் கனக்கும், பரவாயில்லை.

சரி, காணாமல் போகும் படங்கள். உங்கள் விண்டோஸ் கணினிக்குக் கோப்பின் பெயரில் ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் ஒன்றுதான். தளங்களை வைத்திருக்கும் பெரும்பாலான சர்வர்கள் லினக்ஸில் ஓடுகின்றன, அங்கே இரண்டும் வேறு. கேமரா கோப்பின் பெயருக்குப் பின்னால் பெரிய எழுத்தில் ஜேபிஜி (JPG) என்று போட்டிருக்கும், நீங்கள் பக்கத்தில் சிறிய எழுத்தில் எழுதியிருப்பீர்கள். பெரும்பாலும் கோளாறு இதுதான். எல்லாப் பெயரையும் ஆங்கிலச் சிறிய எழுத்தில், இடைவெளி இல்லாமல், நடுவில் சிறு கோடு போட்டு வையுங்கள். தமிழில் பெயர் வைத்தாலும் வேலை செய்யும். ஆனால் முகவரியை நகலெடுத்து அனுப்பும்போது 'ப' என்ற ஒரே எழுத்து ஒன்பது குறிகளாக நீளும். தமிழை ஆல்ட் வாசகத்தில், அதாவது படம் திறக்காதபோது அதன் இடத்தில் தெரியும் விவரத்தில், தாராளமாக எழுதுங்கள்: "மாம்பழ நிறப் பருத்திச் சேலை, பச்சைக் கரை".

ஃபோல்டர் மூன்று போதும். மூலப்படங்கள் ஒன்றில், அது உங்கள் கணினியிலேயே இருக்கட்டும், தளத்தில் ஏற்ற வேண்டாம். பெரியவை ஒன்றில், சிறியவை ஒன்றில். ஒரு சேலைக்கு இரண்டிலும் ஒரே பெயர். ஜேபெக்கைத் திருத்தித் திருத்திச் சேமித்தால் ஒவ்வொரு முறையும் தரம் குறையும். ஆகவே எந்தத் திருத்தமானாலும் மூலப்படத்திலிருந்தே தொடங்குங்கள்.

ஏற்றும் முன் கோப்பின் பிராப்பர்ட்டீஸில் ஜிபிஎஸ் விவரம் இருக்கிறதா என்று பார்த்து நீக்கிவிடுங்கள். தறி இருக்கும் வீட்டிலேயே படம் எடுத்திருந்தால் அந்த வீட்டின் இருப்பிடமும் படத்தோடு போய்விடும்.